பள்ளிக்கரணையை ஆழப்படுத்தி ஏரியாக்கினால் என்ன?

"பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சேறும் கோரையும் தவிர என்னதான் இருக்கிறது? மொத்தத்தையும் தூர்வாரி, ஆழப்படுத்தி, கரை கட்டி ஏரியாக்கிவிட்டால் வெள்ளமும் குறையும், தண்ணீரும் தேங்கும், பறவைகளும் வருமே?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு மழைக்காலத்திலும் காதில் விழும் யோசனைதான் இது. சொல்பவர்கள் பெரும்பாலும் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் என் பதில், கூடவே கூடாது என்பதுதான். ஆழப்படுத்தினால் பறவையும் போகும், வெள்ளமும் குறையாது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: அந்த நிலத்தின் பலமே அதன் ஆழமின்மையில் இருக்கிறது.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எப்படிப் போகிறது என்று பார்த்துவிடுவோம். வேளச்சேரி–தாம்பரம் சாலைக்கும் பழைய மகாபலிபுரம் சாலைக்கும் நடுவே கிடக்கும் தாழ்வான நிலம் இது. மேற்கே பல்லாவரம், தாம்பரம் பக்கம் நிலம் உயர்ந்திருக்கிறது. கிழக்கே கடற்கரையை ஒட்டி மணல்மேடு. இரண்டுக்கும் இடையில், கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில் மட்டுமே, தாம்பாளம் போலப் பரந்து கிடக்கிறது சதுப்பு. சுற்றிலும் ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை ஏரி ஏரியாக இறங்கி இங்கேதான் வந்து சேர்கிறது. கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் நாராயணபுரம் ஏரி, அது நிரம்பினால் சதுப்பு. மாடம்பாக்கம், செம்பாக்கம், சிட்லபாக்கம் ஏரிகளின் உபரிநீருக்கும் இதே கதிதான்.

உள்ளே வர இத்தனை வழி இருக்கும்போது வெளியே போக முக்கியமான வழி ஒன்றுதான்: ஒக்கியம் மடுவு. அது பக்கிங்காம் கால்வாயில் சேர, கால்வாய் தெற்கே போய்க் கோவளம் கழிமுகத்தில் கடலைத் தொடுகிறது. கடலில் ஓதம் ஏறியிருக்கும் நேரத்தில் தண்ணீர் வேகமாக வடியாது. அதுவரை எங்கேயாவது பரந்து நிற்க வேண்டும். நிற்பதற்கு இருக்கும் இடம் சதுப்பு.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் நீர்மட்டம் ஏறும். ஜனவரியிலிருந்து இறங்கத் தொடங்கும். முன்பெல்லாம் கோடையில் பெரும்பகுதி காய்ந்து வெடித்துவிடும். இப்போது கழிவுநீர் ஆண்டு முழுக்க வந்துகொண்டிருப்பதால் சில இடங்கள் காய்வதே இல்லை. இந்த ஏற்ற இறக்கத்தை ஒட்டித்தான் அங்குள்ள எல்லா உயிர்களின் நடமாட்டமும் அமைந்திருக்கிறது.

பறவைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். நீர்ப்பறவை என்றால் தண்ணீர் இருந்தால் போதும் என்று நினைக்கிறோம். எத்தனை அங்குலத் தண்ணீர் என்பதுதான் கேள்வி. கொசு உள்ளான் ஓரிரு சென்டிமீட்டர் நீரில், சில சமயம் வெறும் ஈரச் சேற்றில், குத்திக் குத்தி இரை எடுக்கும். பொரி உள்ளானுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல். கருவால் மூக்கனும் நெடுங்கால் உள்ளானும் 10, 15 சென்டிமீட்டர் வரை சமாளிக்கும். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் ஆகியவை மூழ்கி இரை தேடுவதில்லை; தலையை மட்டும் கவிழ்த்து, வாலைத் தூக்கி, கழுத்து எட்டும் ஆழம் வரை துழாவும். அடிமண் ஓர் அடிக்குக் கீழே போய்விட்டால் அவற்றுக்கு எட்டாது. நாரைகள், கரண்டிவாயன், பூநாரை என்று கால் நீண்டவை அதற்கடுத்த ஆழத்துக்குப் போகும். முக்குளிப்பான், நீர்க்காகம் போன்றவைதான் ஆழமான நீரில் மூழ்கிப் பிழைக்கும்.

இப்போது உங்கள் ஏரியைக் கற்பனை செய்து பாருங்கள். நான்கு மீட்டர் ஆழம், செங்குத்தான கரை, மேலே நடைபாதை. நீர்க்காகமும் முக்குளிப்பானும் சில நாமக்கோழிகளும் இருக்கும். மேலே சொன்ன பட்டியலில் முக்கால்வாசிக்கு அங்கே கால் வைக்கக்கூட இடமிருக்காது. சதுப்பின் தரை மிக மெல்லிய சரிவு கொண்டது. நீர்மட்டம் ஒரு விரற்கடை இறங்கினாலே புதிதாகச் சில ஏக்கர் சேறு வெளிப்படும். மத்திய ஆசிய வலசைப் பாதையில் வரும் பறவைகளுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை தினமும் புதிய சேற்றுப் பந்தி கிடைப்பது இதனால்தான். திரும்பும் பயணத்துக்கு உடலில் கொழுப்பு சேர்க்க வேண்டிய காலமும் அதுவே.

நீளவால் இலைக்கோழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பள்ளிக்கரணையில் இனப்பெருக்கம் செய்யும் பறவைகளில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது அது. கால்விரல்கள் உடலோடு ஒப்பிட்டால் நம்ப முடியாத நீளம். உடல் எடை அந்த விரல்களில் பரவுவதால் அல்லி இலைமேலும் மிதக்கும் பாசிமேலும் அமிழாமல் நடக்கும். பெண் பறவை நான்கு முட்டைகள் இட்டுவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். அடைகாப்பது, குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு அலைவது, ஆபத்து வந்தால் காப்பது எல்லாம் ஆணின் வேலை. கூடு என்று பெரிதாக எதுவும் கிடையாது; மிதக்கும் செடிகளின் மேல் ஒரு சின்ன மெத்தை. நீர்மட்டம் ஏறிக் கூடு நனையத் தொடங்கினால் ஆண் பறவை பக்கத்தில் புதிதாக மேடை சேர்த்து முட்டைகளை அங்கே நகர்த்திக்கொள்வதைப் பறவை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இனப்பெருக்கக் காலத்தில் இருக்கும் அந்த நீண்ட கருவால் குளிர்காலத்தில் உதிர்ந்துவிடும். டிசம்பரில் போய், வால் இல்லாத பழுப்பும் வெள்ளையுமான பறவையைப் பார்த்துவிட்டு "இலைக்கோழி இல்லை" என்று திரும்புகிறவர்கள் நிறைய. அதுதான் இலைக்கோழி. இந்தப் பறவைக்கு வேண்டியது காற்றலை அடிக்காத, மிதக்கும் செடிகள் படர்ந்த, ஆழமில்லாத நீர். கரை கட்டிய திறந்த ஏரியில் அது கூடு வைக்காது.

அடுத்து நத்தை. பார்க்கச் சாதாரணம்தான், ஆனால் சதுப்பின் கணக்கில் பெரிய புள்ளி. நம் வயல்களிலும் குளங்களிலும் இருக்கும் ஆப்பிள் நத்தைக்குச் செவுளும் உண்டு, நுரையீரல் போன்ற உறுப்பும் உண்டு. தண்ணீர் வற்றினால் சேற்றில் புதைந்து, ஓட்டின் வாயை மூடியால் அடைத்துக்கொண்டு, அடுத்த மழை வரை உறங்கும். முட்டையிடுவது தண்ணீருக்குள் அல்ல. நீர்விளிம்புக்குச் சற்று மேலே, ஈர மண்ணில். மெல்லிய சரிவு இருந்தால்தான் அதற்கு அந்த விளிம்பு கிடைக்கும். கான்கிரீட் கரையில் எங்கே போய் முட்டையிடும்?

நத்தையை நம்பி வாழ்வது நத்தைக்குத்தி நாரை. வளர்ந்த பறவையின் அலகை அருகில் பார்த்தால் மேல் அலகுக்கும் கீழ் அலகுக்கும் நடுவில் இடைவெளி தெரியும்; குஞ்சுகளுக்கு அது இருக்காது, வளர வளரத்தான் உருவாகும். கீழ் அலகின் நுனி சற்று வலப்புறம் வளைந்திருக்கும். அந்த நுனியை நத்தையின் மூடிக்கு அடியில் செருகி, சதையை ஓட்டோடு பிடித்திருக்கும் தசையை அறுத்து, உள்ளிருப்பதை முழுசாக உருவிவிடும். பெரும்பாலும் ஓடு உடைவதில்லை. இதையெல்லாம் தலையைத் தண்ணீருக்குள் வைத்தபடியே செய்வதால், கரையில் நிற்கும் நமக்குத் தெரிவது கழுத்து குலுங்குவது மட்டும்தான். நாரை தலையை எடுத்த பிறகு காலி ஓடுகள் சேற்றில் கிடக்கும்.

மீன்களிலும் இதே கதைதான். விரால், தேளி, பனையேறிக்கெண்டை ஆகியவை வெறும் செவுளை நம்பி இருப்பவை அல்ல. மேலே வந்து காற்றை நேரடியாக இழுக்கக் கூடியவை. சதுப்பில் செடிகள் அழுகும் இடங்களில் நீரில் ஆக்சிஜன் குறைந்துபோகும், அங்கே மற்ற மீன்கள் திணறும்போது இவை தப்பிக்கும். பனையேறிக்கெண்டை என்ற பெயர் ஐரோப்பிய விஞ்ஞானிகளையே ஒரு நூற்றாண்டுக்கு மேல் வாதிட வைத்தது. தரங்கம்பாடியில் இருந்த டால்டோர்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, பனைமரத்தில் ஐந்தடி உயரத்தில் இந்த மீனைப் பிடித்ததாக 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதியதுதான் தொடக்கம். மரம் ஏறுவதை விட்டுவிடுவோம். ஒரு குட்டை வற்றினால் ஈரத்தரையில் செவுள்மூடியை ஊன்றி ஊன்றி அடுத்த குட்டைக்குப் போவது உண்மை.

கோரையையும் சம்பையும் நாணலையும் வீண் புதர் என்று எண்ணாதீர்கள். நீலத் தாழைக்கோழி, சம்புத் தண்டை ஒடித்து, ஒரு காலால் தூக்கிப் பிடித்து, உரித்து, உள்ளிருக்கும் வெள்ளைக் குருத்தைத் தின்னும். முக்குளிப்பான் இரை தேடப் புறப்படும் முன் அவசரமாகக் களைகளை இழுத்து முட்டைகளை மூடிவிட்டுப் போகும். மேலிருந்து பார்த்தால் அழுகிய செடிக்குவியல். குளிர்காலத்தில் வரும் சேற்றுப் பூனைப்பருந்து நாணல் உச்சியை உரசுவது போலத் தாழப் பறந்து வேட்டையாடும். நீர்க்கோலிப் பாம்பு தவளைக்காக இந்தப் புதர்களைச் சுற்றும், வரப்புகளில் கண்ணாடி விரியன் இருக்கும். ஆகாயத்தாமரை மட்டும் வேறு விஷயம். தென் அமெரிக்காவிலிருந்து வந்த அது கழிவுநீரின் சத்தைத் தின்று கொழுத்து, முழுப்பரப்பையும் மூடி, அடியில் வெளிச்சமும் ஆக்சிஜனும் இல்லாமல் செய்துவிடுகிறது. அதை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஆகாயத்தாமரையை எடுக்கிறோம் என்று இறங்கும் பொக்லைன், பக்கத்தில் இருக்கும் சம்பையும் அல்லியையும் சேர்த்து வழித்துவிடக் கூடாது.

இனி வெள்ளம். ஆழப்படுத்தினால் அதிகத் தண்ணீர் பிடிக்கும் என்பது பார்த்த மாத்திரத்தில் சரியாகத்தான் படும். வெளியேறும் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அந்த மட்டத்துக்குக் கீழே நீங்கள் தோண்டும் ஒவ்வோர் அடியும் நிலத்தடி ஊற்றாலும் முதல் மழையாலும் நிரம்பி அப்படியே நிற்கும், ஏனென்றால் அது வடிய வழியில்லை. நவம்பர் கடைசியிலோ டிசம்பரிலோ பெருமழை வரும்போது அந்தப் பள்ளம் ஏற்கெனவே நிறைந்திருக்கும். வெள்ளத்தைத் தாங்குவது வாய்மட்டத்துக்கு மேலே, பக்கவாட்டில் தண்ணீர் பரவக் கிடைக்கும் இடம்தான். ஆகவே நமக்கு வேண்டியது பரப்பு. போதாக்குறைக்கு, கடற்கரைக்கு இவ்வளவு அருகில், இவ்வளவு தாழ்ந்த நிலத்தில் ஆழமாகத் தோண்டினால் உப்புநீர் உள்ளே ஏறும் ஆபத்தும் கூடும்.

பரப்பு எவ்வளவு போயிருக்கிறது என்பதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 1960களில் இந்தச் சதுப்பு 5,000 ஹெக்டேருக்கு மேல் இருந்தது. இன்று சதுப்பாக எஞ்சியிருப்பது அதில் ஒரு சிறு பங்குதான். 5,000 ஹெக்டேர் பரப்பில் அரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் 2.5 கோடி கன மீட்டர், அதாவது ஏறக்குறைய 0.9 டிஎம்சி. செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3.6 டிஎம்சிதான். கிட்டத்தட்ட அதில் கால்பங்குக்குச் சமமான தண்ணீரை, அணையோ மதகோ இல்லாமல், முழங்கால் ஆழத்தில் ஏந்தி வைத்திருந்த நிலம் அது. அந்தத் தண்ணீர் இன்றும் வருகிறது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் தெருக்களில் நாள்கணக்கில் நின்றது. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த குடும்பங்களின் கோபம் எனக்குப் புரிகிறது. அந்தக் கோபம் எஞ்சியிருக்கும் சதுப்பின் மேல் திரும்புவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அது மட்டும் இல்லாதிருந்தால் தண்ணீர் இன்னும் உயர்ந்திருக்கும்.

எப்படிச் சுருங்கியது என்பது நீண்ட கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். அரசு ஆவணங்களில் வெகுகாலம் இது பயனற்ற நிலமாகவே கருதப்பட்டது. வடபகுதியில் பெருங்குடி குப்பைக் கிடங்கு வந்தது. நடுவில் துரைப்பாக்கம்–பல்லாவரம் 200 அடிச் சாலை போனது. ஓரங்களில் அரசு நிறுவனங்களின் வளாகங்கள், பிறகு ஐடி கட்டடங்கள், அடுக்குமாடிகள். மத்திய அரசின் தேசியச் சதுப்புநிலப் பாதுகாப்புத் திட்டப் பட்டியலில் கோடியக்கரை, கழுவெளி ஆகியவற்றோடு பள்ளிக்கரணையும் இருந்தது. பட்டியல் மட்டுமே எதையும் தடுக்கவில்லை. குடியிருப்போரும் ஆய்வாளர்களும் வழக்கும் மனுவுமாக ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு, 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் 1,247.54 ஹெக்டேர் ராம்சார் தலமானது, அதாவது ராம்சார் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. இங்கே நீண்ட காலம் ஆய்வு செய்து, ஆதாரங்களைத் தொகுத்து, அரசின் முன் வைத்தவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் கேர் எர்த் அறக்கட்டளையின் ஜெயஸ்ரீ வெங்கடேசன். ராம்சார் அமைப்பு 2025-இல் அவருக்கு விருது அளித்திருக்கிறது.

ராம்சார் அறிவிப்பு வந்துவிட்டதால் எல்லாம் பாதுகாப்பாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். எல்லைக்குள் எதைச் செய்யலாம், கூடாது என்பதைச் சட்டம் சொல்லும். எல்லைக்கு வெளியே இருந்து குழாய் வழியாக வரும் சாக்கடையை எல்லைக்கோடு தடுக்காது. பெருங்குடியில் பழைய குப்பையைப் பயோமைனிங் முறையில் பிரித்து அகற்றும் பணி தொடங்கப்பட்டது, நல்ல வேலை. கழிவுநீர்தான் இன்னும் பெரிய காயம். ஓரிடத்தில் ஆயிரக்கணக்கில் பறவை கூடியிருப்பதைப் பார்த்து நீர் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடாதீர்கள். சத்து மிகுந்த கெட்ட நீரில் சில வகைப் புழுக்களும் பாசிகளும் பெருகும். அவற்றுக்காகப் பூநாரை உட்பட நிறையப் பறவைகள் வரும். எண்ணிக்கை ஏறும்போதே வகைகள் குறைந்துகொண்டிருக்கலாம்.

அப்படியானால் தூர்வாரவே கூடாதா? தூர்வார வேண்டிய இடம் வேறு. ஒக்கியம் மடுவும் பக்கிங்காம் கால்வாயும் அடைபடாமல் இருக்க வேண்டும். சாலைகளுக்கு அடியில் உள்ள கல்வெர்ட்டுகள் தண்ணீர் இரு பக்கமும் தடையின்றிப் போகும் அளவுக்கு அகலமாக வேண்டும். மேலே இருக்கும் ஏரிகளைத் தூர்வாரிக் கரையைப் பலப்படுத்துங்கள். ஏரி என்பதே தேக்குவதற்காக மனிதர் அமைத்தது, அங்கே ஆழம் தப்பில்லை. வேடந்தாங்கலைப் பாருங்கள், நீர் நிறைந்த ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில்தான் பறவைகள் கூடு கட்டுகின்றன. ஆனால் அந்தப் பறவைகளும் குஞ்சுக்கு இரை தேடிச் சுற்றுவட்டார வயல், குட்டை, சதுப்பு என்று ஆழமில்லாத நீரைத் தேடித்தான் பறக்கின்றன. கூட்டுக்கு ஏரி, இரைக்குச் சதுப்பு. இரண்டாவதை முதலாவதாக மாற்றினால் இரண்டுமே பாழாகும். சதுப்புக்குள் செய்ய வேண்டியவை சின்னச் சின்ன வேலைகள்தான்: கட்டட இடிபாட்டையும் பிளாஸ்டிக்கையும் அகற்றுவது, ஆகாயத்தாமரையையும் சீமைக்கருவேலத்தையும் குறைப்பது, சம்பு எல்லாவற்றையும் மூடிவிட்ட இடங்களில் அங்கங்கே திறந்த நீர்த்திட்டு ஏற்படுத்துவது.

நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றே சொல்வேன். நவம்பர் முதல் மார்ச் வரை எப்போது போனாலும் பறவை உண்டு; வாத்துகளுக்கு டிசம்பர், ஜனவரி; சேற்றில் நடக்கும் உள்ளான் வகைகளுக்கும் பூநாரைக்கும் நீர் இறங்கிய பிப்ரவரி, மார்ச். இரண்டு வருகைகளுக்கு நடுவே ஒரு மாத இடைவெளி விட்டால், அதே இடத்தில் நீர்மட்டம் இறங்கியதும் பறவைகள் எப்படி மாறியிருக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும். 8 மடங்கு பெரிதாக்கும் சாதாரண பைனாகுலர் போதும். 200 அடிச் சாலையில் வண்டிகள் வேகமாக வரும், கண்ட இடத்தில் நிறுத்த வேண்டாம். வனத்துறையின் பூங்கா பக்கம் போவது நல்லது. சேற்றுக்குள் இறங்காதீர்கள், டிரோன் பறக்க விடாதீர்கள், கூட்டின் அருகே போய்ப் படம் எடுக்காதீர்கள். காலையில் மேற்குக் கரையிலிருந்து கிழக்கே பார்த்தால் வெயில் முகத்தில் அடிக்கும், பறவைகள் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். மாலை 4 மணிக்குப் பிறகு அதே இடத்தில் நின்றால் வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கமிருந்து விழும், தாழைக்கோழியின் நீலமும் நெடுங்கால் உள்ளானின் காலிலுள்ள சிவப்பும் தெளிவாகத் தெரியும்.